அரை மைலுக்கு அப்பால்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட டக்கோட்டா மாநிலத்தில், மிசௌரி என்னும் மகாநதியோடு கேனன்பால் என்னும் சிற்றாறு வந்து கலக்கும் இடத்தில், 2016-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தொடங்கி மறு ஆண்டின் கடுங்குளிர் வரையில் நடந்த ஒரு ஜனக் கிளர்ச்சியைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாண்டிங் ராக் என்ற பூர்வகுடி ஒதுக்கு நிலத்தின் வடக்கு எல்லையை ஒட்டினாற்போல, ஆற்றின் அடியில் ஓர் எண்ணெய்க் குழாயைக் கொண்டுபோக ஒரு கம்பெனி முனைந்ததும், அதை அந்த மக்கள் எதிர்த்ததும் உலகம் அறிந்த செய்திகள். அக்காலத்துப் பத்திரிகைகள் பல, இறகுக் கிரீடம் அணிந்த முதியவர்களின் புகைப்படங்களை அச்சிட்டு, இயற்கைக்கும் இயந்திரத்துக்கும் நடந்த யுத்தமாக அதை வர்ணித்தன. அப்படிச் சொல்வதில் கவர்ச்சி உண்டு, விஷயம் குறைவு. நான் புரிந்துகொண்ட வரையில் அது பெரும்பகுதி ஒரு சட்ட விவகாரம். அநியாயத்தை அநியாயம் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை வாய்ந்த ஒரு நியாய அமைப்பு, அந்த அநியாயம் நடந்து முடிவதற்கு முன்னால் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை என்ற கேள்வியே அதன் சாரம்.

ஸ்டாண்டிங் ராக், வட டக்கோட்டாவிலும் தென் டக்கோட்டாவிலுமாகச் சுமார் 23 லட்சம் ஏக்கர் பரந்து கிடக்கும் புல்வெளிப் பிரதேசம். வெளியார் சூ என்று அழைக்கும் லக்கோட்டா, டக்கோட்டா மக்களின் வாசஸ்தலம் அது. சிட்டிங் புல் என்று சரித்திரம் கொண்டாடும் தலைவர், தம்மைக் கைது செய்ய வந்த போலீஸாரால் 1890 டிசம்பர் 15-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மண்ணில்தான். 1851-ஆம் ஆண்டில் லாரமி கோட்டையில் செய்துகொண்ட உடன்படிக்கை, இன்றைய ஒதுக்கு நிலத்தைப்போல் பல மடங்கு விசாலமான நாட்டை இவர்களுடையதென்று அங்கீகரித்தது. 1868-இல் அதே இடத்தில் எழுதிய இரண்டாவது உடன்படிக்கை அதைச் சுருக்கிற்று. ஆனாலும் தென் டக்கோட்டாவின் மேற்குப் பாதி முழுவதையும் அவர்களுக்கே விட்டுவைத்தது. 1889-இல் வந்த சட்டம் அதையும் துண்டு துண்டாக வெட்டி, மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. இடையில் பறிபோன பிளாக் ஹில்ஸ் மலைகளின் கதையை முடிவில் சொல்கிறேன். அது அங்கேதான் பொருந்தும்.

இந்தப் பழைய பறிமுதல்களை அறிந்தவர்கள் பலர். அதிகம் பேர் அறியாதது அணையின் கதை. அதில் சற்று நின்றுதான் மேலே போகவேண்டும்.

மிசௌரியின் வெள்ளத்தை அடக்கவும், மின்சாரம் எடுக்கவும், பாசனம் பெருக்கவும், கப்பல் போக்குவரத்தைச் சீராக்கவும் 1944-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் பிக்–ஸ்லோன் என்ற பெருந்திட்டத்தை நிறைவேற்றிற்று. அணைகளைக் கட்டும் பொறுப்பு ராணுவப் பொறியாளர் படைக்கு வந்தது. தென் டக்கோட்டாவின் தலைநகரான பியர் நகருக்கு அருகே 1948-இல் தொடங்கிய ஓவாஹி அணையை 1962 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடி நேரில் வந்து பிரதிஷ்டை செய்தார். அணைக்குப் பின்னால் எழுந்த நீர்த்தேக்கம், ஆற்றின் போக்கில் இருநூறு மைலுக்கும் மேல் வடக்கே பின்வாங்கி நிற்கிறது. ஸ்டாண்டிங் ராக் மக்கள் சுமார் 56,000 ஏக்கரையும், அவர்களுக்குத் தெற்கே வாழும் ஷயென் ரிவர் மக்கள் சுமார் 1,04,000 ஏக்கரையும் அந்த நீருக்குப் பறிகொடுத்தார்கள்.

ஏக்கர்க் கணக்கு மட்டும் நஷ்டத்தின் முழு அளவைக் காட்டாது. வடக்குச் சமவெளியில் மேட்டு நிலம் என்பது மரமற்ற, காற்று அறைகின்ற, குளிர்காலத்தில் கால்நடைக்கு ஒதுங்க இடம் தராத புல்தரை. ஆற்றோரத்துத் தாழ்நிலமோ காட்டன்வுட் மரங்கள் அடர்ந்து, விறகும் வீட்டு மரமும், காட்டுப் பழங்களும், மூலிகைகளும், வேட்டைப் பிராணிகளும், பனிக்காற்றிலிருந்து மாடுகளுக்கு மறைவும் ஒருங்கே கொடுத்த இடம். பணப் புழக்கம் அதிகமில்லாத அந்த ஜனங்கள் சந்தையை எதிர்பாராமல் வாழ முடிந்ததற்குக் காரணம் அந்தத் தாழ்நிலம். அது முழுகியபின் அவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். விறகையும் விலைக்கு வாங்கவேண்டியவர்களானார்கள். கீழ்நதி நகரங்கள் வெள்ளப் பயம் நீங்கி நிம்மதியாக உறங்குவதற்கான விலையை, மேல்நதியில் இருந்த ஏழைகள் கொடுத்தார்கள் என்பதே ஓவாஹியின் சுருக்கம்.

இன்னும் வடக்கே, ஃபோர்ட் பெர்தோல்டு ஒதுக்கு நிலத்து மண்டன், ஹிதாட்சா, அரிக்காரா மக்களுக்கும் காரிஸன் அணையால் இதே கதி நேர்ந்தது. 1948-இல் நிலத்தை ஒப்படைக்கும் பத்திரத்தில் அமெரிக்க அமைச்சர் கையெழுத்திடும்போது, பக்கத்தில் நின்ற அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழும் புகைப்படம் ஒன்று உண்டு. ஆனால் அதே மக்களின் நிலத்தடியில் பிற்காலத்தில் எண்ணெய் கிடைத்தது. நான் பேச வந்த இந்தக் குழாயை மூடினால் தங்களுக்குப் பெருத்த வருமான நஷ்டம் என்று 2021-இல் அவர்களுடைய தலைமை சொல்லிற்று. பழங்குடியார் எல்லாரும் எண்ணெயை எதிர்க்கும் ரிஷிகள் என்று எண்ணுகிற நம் நகரத்து நண்பர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் மனிதர்கள், அவர்களுக்குள் அபிப்பிராய பேதங்கள் உண்டு.

இனிக் குழாய்க்கு வருவோம். வட டக்கோட்டாவின் வடமேற்கில் பாக்கன் என்ற களிப்பாறை அடுக்கிலுள்ள எண்ணெயை, பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எடுக்கும் புதிய முறை இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் பெருகியது. எடுத்த எண்ணெயைக் கொண்டுபோக எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற கம்பெனி 2014-இல் அறிவித்த திட்டம் டக்கோட்டா ஆக்ஸஸ் குழாய். 30 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய், வட டக்கோட்டா, தென் டக்கோட்டா, அயோவா மாநிலங்களைக் கடந்து இல்லினாய் மாநிலத்துப் பட்டோக்காவைச் சேரும் வரையில் 1,172 மைல் நீளம். செலவு 380 கோடி டாலர். தொடக்கத்தில் திட்டமிட்ட கொள்ளளவு, நாள் ஒன்றுக்கு 5,70,000 பீப்பாய் வரை. வழியில் மிசௌரியை அது இரண்டு இடங்களில் கடக்கவேண்டும். அவற்றுள் ஒன்று ஓவாஹி நீர்த்தேக்கத்தின் அடியில், ஸ்டாண்டிங் ராக் எல்லைக்குச் சற்று மேலே.

முதலில் ஆராய்ந்த மார்க்கங்களில் ஒன்று, மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்குக்குச் சுமார் பத்து மைல் வடக்கே ஆற்றைக் கடப்பதாக இருந்தது. அது நீளம் அதிகம், செலவு அதிகம், வீடுகளுக்கு நெருக்கம் என்ற காரணங்களோடு, நகரத்தின் குடிநீர்க் கிணறுகளுக்கு அருகே போகிறது என்ற காரணமும் சேர்ந்து கைவிடப்பட்டது. பெரும்பாலும் வெள்ளையர் வாழும் தலைநகரத்தின் குடிநீர் ஓர் ஆக்ஷேபமாக எடுத்துக்கொள்ளப்பட்டதில் எனக்குக் குறையில்லை, அப்படித்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். கீழே இருப்பவர்களும் அதே ஆற்றைத்தான் குடிக்கிறார்கள் என்பது ஏன் அதே எடையைப் பெறவில்லை என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை, பொறியாளர் படையின் பரிசீலனைப் பத்திரத்திலேயே இருக்கிறது. ஒரு திட்டத்தின் கேடு ஏழைகள் மீதும் சிறுபான்மை இனத்தார் மீதும் அளவுக்கு மீறி விழுகிறதா என்று பார்ப்பது அப்போது அமெரிக்க சர்க்காரின் விதிகளில் ஒன்றாக இருந்தது. அப்படிப் பார்க்கும்போது, கடக்கும் இடத்தைச் சுற்றி அரை மைல் வட்டம் போட்டுக்கொண்டார்கள். ஸ்டாண்டிங் ராக்கின் எல்லை 0.55 மைலில் தொடங்குகிறது. நூறு கெஜத்துக்கும் குறைந்த தூரத்தால், அந்தக் குழாயினால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய ஜனங்கள் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டார்கள். ஓடும் ஆற்றில் கலந்த எண்ணெய் அரை மைலில் நின்று எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகுமா என்று எந்தக் குழந்தையும் கேட்கும். அந்த ஆறு அவர்களுடைய நிலத்தை விழுங்கி ஏரியாக நின்றதும் இதே படையின் செயல். அந்த ஏரியின் அடியில் துளையிட அனுமதி தரும் அதிகாரமும் இதே படையினுடையது.

கம்பெனியின் கட்சியையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே 1982 முதல் ஒரு இயற்கை வாயுக் குழாய் ஓடுகிறது. புதிய எண்ணெய்க் குழாயோ ஏரியின் தரைக்குக் கீழே 90 அடிக்குமேல் ஆழத்தில் போகிறது. ரயில் வண்டியில் எண்ணெய் அனுப்புவதைவிடக் குழாய் க்ஷேமம். கடைசி வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2013 ஜூலையில் கனடாவின் லாக் மெகாண்டிக் என்ற சிற்றூரில், பாக்கன் எண்ணெய் ஏற்றிய ரயில் தடம்புரண்டு தீப்பற்றி 47 பேர் மாண்டார்கள். ஆனால் ரயிலைவிடக் குழாய் நல்லது என்பதனால் இந்தக் குழாய் இந்த இடத்தில்தான் போகவேண்டும் என்று ஆகாது.

கசியாது என்ற உறுதிமொழியின் மதிப்பையும் பார்க்கலாம். 2010 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தில் என்பிரிட்ஜ் கம்பெனியின் குழாய் வெடித்து, கலமசூ நதியில் எண்ணெய் பாய்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் அபாய மணி பலமுறை அடித்தும், குழாயில் நீராவிக் குமிழி சேர்ந்திருக்கும் என்று எண்ணி, மறுபடியும் மறுபடியும் பம்பை இயக்கினார்கள். கசிவு என்று தெரிய 17 மணி நேரம் ஆயிற்று. அதுவும் வெளியார் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. 2013-இல் வட டக்கோட்டாவின் டியோகா அருகே 20,000 பீப்பாய்க்கு மேல் கோதுமை வயலில் பரவியதைக் கண்டுபிடித்தவர் அந்த வயலின் விவசாயி. 2016 டிசம்பரில், நான் பின்னால் சொல்லப்போகும் போராட்ட முகாமிலிருந்து சுமார் 150 மைலுக்கு அப்பால் ஓர் ஓடையில் வேறொரு குழாய் கசிந்ததைக் கண்டதும் நிலத்துக்காரரே. மின்கருவிகள் மௌனமாக இருந்தன. நாம் பேசும் குழாயின் கசிவறியும் கருவியோ, ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைந்த கசிவைக் காட்டும்படி அமைக்கப்பட்டதே அல்ல என்பது பிற்பாடு நீதிமன்றத்தில் வெளிவந்தது. 5,70,000 பீப்பாயில் நூற்றில் ஒன்று 5,700 பீப்பாய், அதாவது ஒன்பது லட்சம் லிட்டர். தினம் அவ்வளவு கசிந்தாலும் மணி அடிக்கும் என்ற நிச்சயம் இல்லை.

பழங்குடியார் காலதாமதமாக விழித்துக்கொண்டு தகராறு செய்தார்கள் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி கம்பெனியின் பிரதிநிதிகள் ஸ்டாண்டிங் ராக் சபைக்கு வந்தபோதே, இந்தக் குழாய் எங்களுக்குச் சம்மதமில்லை என்று தலைவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன ஒலிப்பதிவு வெளியானபின் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

2016 ஏப்ரல் முதல் தேதி, லடோன்னா பிரேவ் புல் அல்லார்ட் என்ற மாது, இரு நதிகளும் கூடும் இடத்தருகே தம் சொந்த நிலத்தில் ஒரு சிறு முகாம் அமைத்தார். ஸேக்ரட் ஸ்டோன் என்று அதற்குப் பெயர். அவர் தம் இனத்தின் சரித்திரத்தை ஆராய்ந்து வைத்திருந்தவர். இரு நதிகளும் மோதும் சுழலில் முன்னாளில் உருண்டைக் கற்கள் உருவாகும் என்றும், ஐம்பதுகளில் பொறியாளர் படை முகத்துவாரத்தைத் தோண்டியபின் சுழலும் இல்லை, கல்லும் இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். கோடையில் அந்த ஒதுக்கு நிலத்து இளைஞர்கள், தண்ணீருக்கு வந்திருக்கும் ஆபத்தைச் சொல்லிக்கொண்டு வாஷிங்டன் நகரம் வரையில் ஏறக்குறைய 2,000 மைல் தொடர் ஓட்டமாக ஓடினார்கள். ஜூலையில் படை அனுமதி கொடுத்ததும் ஸ்டாண்டிங் ராக் வழக்குத் தொடுத்தது. ஆகஸ்டு முதல் முகாம்கள் பெருகின. ஒருவரோடொருவர் பகையாயிருந்த இனங்கள் உட்பட, நூற்றுக்கணக்கான பூர்வகுடி இனங்களின் கொடிகள் அங்கே வரிசையாக நின்றன; சில ஆயிரம் பேருக்கு ஓர் ஊராகவே அது ஆயிற்று. சமையற்கூடம், வைத்தியசாலை, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. மதுவும் ஆயுதமும் கூடாது என்ற நியமமும் இருந்தது. தங்களைப் போராட்டக்காரர் என்று சொல்வதை அவர்களில் பலர் விரும்பவில்லை. நீரைக் காப்பவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். 'ம்னி விச்சோனி' — நீரே உயிர் — என்பது அவர்களுடைய கோஷம்.

செப்டம்பர் 2-ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, குழாய் போகும் பாதையில் முன்னோர் சமாதிகளும் கல் வட்டங்களும் இருக்கும் இடங்களைக் குறித்துப் பழங்குடியார் நீதிமன்றத்தில் வாக்குமூலம் தாக்கல் செய்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, அதுவும் விடுமுறை வாரம், புல்டோசர்கள் அந்த இடத்துக்கே வந்து மண்ணைப் புரட்டின. தடுக்க ஓடியவர்கள்மேல் கம்பெனியின் காவலர்கள் நாய்களை ஏவினார்கள். மிளகுத் திரவம் தெளித்தார்கள். நாய் கடித்து ரத்தம் வடிந்தவர்களின் படங்கள் உலகமெங்கும் போயின. 1863-ஆம் ஆண்டில் இதே செப்டம்பர் 3-ஆம் தேதி, ஒயிட்ஸ்டோன் ஹில் என்ற இடத்தில் ஜெனரல் ஸல்லியின் படை, வேட்டைக்காகக் கூடியிருந்த சூ இனத்தாரைப் பெண்களும் குழந்தைகளுமாகக் கொன்று குவித்தது. அதில் ஒன்பது வயதுச் சிறுமியாகக் குண்டு பட்டுப் பிழைத்தவர் அல்லார்ட் அம்மையாரின் எள்ளுப்பாட்டி. தேதிகளின் ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் ஒரு இனத்தின் ஞாபகத்தில் அப்படிப்பட்ட தற்செயல்கள் தற்செயலாகத் தங்குவதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 27-இல் போலீஸார் ஒரு முகாமைக் கலைத்து 141 பேரைக் கைது செய்தார்கள். நவம்பர் 20 இரவு, நீர் உறையும் குளிரில், பாலத்தின்மேல் நின்ற கூட்டத்தின்மீது குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். காயமுற்றவர் இருநூறுக்கு மேல். டிசம்பர் தொடக்கத்தில் முன்னாள் ராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு குழுவினர் லக்கோட்டா முதியவர்கள் முன் மண்டியிட்டு, அமெரிக்கச் சேனை முற்காலத்தில் செய்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி, ஏரியின் அடியில் செல்ல வழியுரிமை தருவதில்லை, வேறு மார்க்கங்களை ஆராயவேண்டும் என்று ராணுவ இலாகா அறிவித்தது. முகாமில் முரசு முழங்கிற்று. ஐம்பது நாளைக்குள் ஜனாதிபதி மாறினார். 2017 ஜனவரி 24-இல் புதிய ஜனாதிபதி டிரம்ப், குழாய்க்கு வழிவிடும் உத்தரவில் கையெழுத்திட்டார். பிப்ரவரியில் வழியுரிமை கிடைத்தது. அதே மாதம் முகாம்கள் காலி செய்யப்பட்டன. ஜூன் முதல் தேதி எண்ணெய் வியாபாரத்துக்கு ஓடத் தொடங்கிற்று.

எண்ணெய் ஓடிய இரண்டாம் வாரத்தில் வந்தது தீர்ப்பு. முந்திய செப்டம்பரில் தடையுத்தரவு தர மறுத்த அதே நீதிபதி போஸ்பர்க், கசிவு நேர்ந்தால் பழங்குடியாரின் மீன்பிடி, வேட்டை உரிமைகள் என்ன ஆகும் என்பதையும், அந்த அரை மைல் கணக்கையும் பொறியாளர் படை போதிய அளவு ஆராயவில்லை என்று 2017 ஜூன் 14-இல் சொன்னார். 2020 மார்ச்சில், முழுமையான சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்தே தீரவேண்டும் என்றார். ஜூலையில் குழாயை மூடி எண்ணெயை வடித்துவிடும்படியே உத்தரவிட்டார். மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. 2021 ஜனவரியில் அதே மேல் நீதிமன்றம், அறிக்கையின்றிக் கொடுத்த வழியுரிமை செல்லாது என்பதை உறுதி செய்தது. ஆனால் குழாயை மூடும் உத்தரவை மட்டும் ரத்து செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில் போஸ்பர்க்கும், ஈடு செய்ய முடியாத கேடு நிரூபணமாகவில்லை என்று மூட மறுத்துவிட்டார். ஆக, சர்க்கார் நிலத்தில் அனுமதிப் பத்திரமின்றி அத்துமீறி நிற்கும் ஒரு பொருளின் வழியாக, ஆண்டுக்கணக்கில், தினந்தோறும் லட்சக்கணக்கான பீப்பாய் எண்ணெய் ஓடிற்று. ஓர் ஏழை புறம்போக்கில் குடிசை போட்டால் இவ்வளவு பொறுமை காட்டுவார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிர்த்தவர்களுக்குக் காத்திருந்த நீதி வேறு. கைதானவர்கள் 750 பேருக்கு மேல். கிளர்ச்சியைத் தூண்டிவிட்டதாகக் கம்பெனி, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் ஸ்தாபனத்தின்மீது தொடுத்த வழக்கில், 2025 மார்ச்சில், முகாம் இருந்த இடத்துக்கு வெகுதூரமில்லாத மாண்டன் நகரத்து ஜூரிகள் 66 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தார்கள்; பிற்பாடு நீதிபதி அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். எங்களை யாரும் தூண்டவில்லை, எதிர்த்தது நாங்களே என்று ஸ்டாண்டிங் ராக் தலைமை சொன்னதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

கடைசியாகப் பிளாக் ஹில்ஸ். 1868 உடன்படிக்கையில் சூ மக்களுக்கே உரியதென்று எழுதிக்கொடுத்த அந்தப் புனித மலைகளில் 1874-இல் தங்கம் கண்டார்கள். 1877-இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அது முறைகேடான பறிமுதல் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டு, வட்டியோடு சுமார் 10 கோடியே 50 லட்சம் டாலர் ஈடாகக் கொடுக்கத் தீர்ப்பளித்தது. மலைகளைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. அந்தத் தொகை சர்க்கார் கணக்கில் வளர்ந்து இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவிலேயே மிக ஏழ்மையான வட்டாரங்களில் சிலவற்றில் அந்த ஜனங்கள் வாழ்கிறார்கள். நிலம் விற்பனைக்கில்லை என்று சொல்லி, அந்தப் பணத்தில் ஒரு டாலரையும் அவர்கள் இதுவரை வாங்கிக்கொள்ளவில்லை.